காற்றில் ஓடும் முகங்கள்

ஒசாகா

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. மகள் மெக்கானிக்கல் எடுத்திருக்கிறாள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். உன் பிள்ளை வேறென்ன எடுப்பாள்! அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே.

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். அந்தப் பெண் பொம்மை, அதாவது மனிதச் சாயலில் செய்த ரோபோ, மோட்டாரில் ஓடுகிறதா என்று கேட்டிருக்கிறாய். இதையெல்லாம் ஜப்பான்காரர்கள் வீட்டில் துணைக்கு வைத்துக்கொள்கிறார்களாமே என்றும் கேட்டிருக்கிறாய். முதல் கேள்விக்கு உனக்குப் பிடித்த பதிலே இருக்கிறது: இந்த ஜாதிப் பொம்மைகளில் பெரும்பாலும் அழுத்தக் காற்றுதான். உன் பட்டறையில் நாள் முழுக்கப் புழங்குகிற கம்ப்ரசர், வால்வு, சிலிண்டர்தான் உள்ளே வேலை செய்கின்றன.

ஜப்பானிய ரோபோ ஆராய்ச்சியாளர் ஹிரோஷி இஷிகுரோ 2006இல் தன்னையே அச்செடுத்த மாதிரி ஒன்றைச் செய்ய வைத்தார். பெயர் ஜெமினாய்டு எச்ஐ-1. தனித்தனியாக அசையும் இடங்கள் மொத்தம் 50. முகத்தில் 13, முண்டத்தில் 15, மீதி 22 கை கால்களுக்கு. ஆனால் எழுந்து நடக்காது, நாற்காலியோடு சரி. மோட்டார் வைத்தால் கண் இமைக்கும்போதுகூட கியர் சத்தம் கேட்கும். காற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை. அமுங்கக்கூடியது என்பதால் கையைப் பிடித்துத் தள்ளினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், பக்கத்தில் நிற்பவருக்கு அடிபடாது. அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பது உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காற்றை வைத்துக்கொண்டு ஒரு விரலைச் சொன்ன இடத்தில் துல்லியமாக நிறுத்துவது கஷ்டம், அதனால் இந்தக் கையை நம்பி ஒரு டம்ளரைக் கொடுக்க முடியாது. கம்ப்ரசர் போடுகிற கூச்சலுக்கு அதைத் தள்ளித்தான் வைக்க வேண்டும், அங்கிருந்து பொம்மை வரைக்கும் ட்யூப் இழுத்தாக வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் வால்வு ஒட்டிக்கொள்ளும். எக்ஸாஸ்டில் சைலன்சர் இல்லாவிட்டால் ஒவ்வொரு தலையசைப்புக்கும் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு.

சிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இந்தத் தொழிலின் கஷ்டம் முழுக்க அதில் இருக்கிறது. மனிதச் சாயல் ஏற ஏற நமக்குப் பிரியமும் ஏறும், ஆனால் மனிதனை நெருங்கும் கட்டத்தில் அந்தப் பிரியம் சட்டென்று பள்ளத்தில் விழும் என்று ஜப்பானிய ரோபோ பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். அதே வருஷம் ஒசாகா உலகக் கண்காட்சியில் 29 ஜோடி செயற்கைத் தசைகள் வைத்த முகம் ஒன்று இருந்தது. அதன் சிரிப்பைப் பாதி வேகத்தில் ஓட்டினால் சந்தோஷம் காணாமல் போய், பார்ப்பவருக்கு உதறல் எடுக்கும் என்பதை அந்தக் கட்டுரையிலேயே சொல்கிறார். இதை உன் தொழில் கண்ணோடு பார். ட்யூபில் எங்கோ ஊசிமுனை லீக், பிரஷர் கொஞ்சம் இறங்குகிறது. ஆலையில் சிலிண்டர் மெதுவாகப் போனால் உற்பத்தி குறையும், அவ்வளவுதான். இங்கேயோ வாயின் இடது ஓரம் முதலில் ஏறி, வலது ஓரம் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வரும். எதிரே நிற்கிற குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

அடுத்த தலைவலி தோல். ஆளின் முகத்தில் அச்சு எடுக்கும்போது கண்ணை மூடித்தான் ஆக வேண்டும். அதனால் திறந்த கண்ணைச் சிற்பி கையால் செதுக்கியே கொண்டுவர வேண்டும். ஆள் மாதிரியே இருக்கிறதா இல்லையா என்பது அங்கேதான் முடிவாகும். பிறகு சிலிகான் வார்த்து, தோலின் உட்பக்கத்தில் இழுக்க வேண்டிய இடங்களில் பிடிமானம் பதிப்பார்கள். தோல் தடித்தால் இழுத்தாலும் அசையாது, மெலிந்தால் பிடிமானத்தைச் சுற்றிக் கிழியும். முதலில் வெடிப்பது எப்போதும் ஓயாமல் மடிகிற வாயோரம்தான். சிலிகான்மேல் சிலிகான் தவிர வேறெதுவும் ஒட்டாது. கடையில் வாங்கின பெயின்டால் ஒட்டுப்போட்டால் உரிந்து வந்துவிடும். தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். வெளிச்சத்தில் பளபளக்கும், பவுடர் தட்டி அடக்க வேண்டும். இமை கண்விழிமேல் உரசி நின்றுவிட்டால் பாதி மூடிய கண்ணோடு உட்கார்ந்திருக்கும். அதைவிட அசிங்கமான காட்சி கிடையாது.

இவ்வளவு தொல்லையையும் மறைத்துவிடக்கூடிய ஒரே இடம் மேடை. 2010இல் வந்த பெண் உருவ ஜெமினாய்டு எஃப் அதை நன்றாகப் புரிந்துகொண்டு செய்த வேலை. அசையும் இடங்களை 12ஆகக் குறைத்துவிட்டார்கள். நாடக இயக்குநர் ஒரிசா ஹிராத்தா அதே வருஷம் அதை நடிகையோடு சேர்த்து ஒரு குறுநாடகத்தில் உட்கார வைத்தார். குரலும் அசைவும் மறைவில் இருந்த இன்னொரு நடிகையுடையவை. மனித நடிகர்களையே நொடிக் கணக்கில் இடைவெளி விட்டுப் பேச வைக்கிறவர் அவர், பொம்மைக்கு ஏற்ற இயக்குநர்! இப்படித் தூரத்திலிருந்து இயக்கும்போது ஒரு சூட்சுமம் உண்டு: கம்பியில் வரும் குரல் உடனே வந்துவிடும், காற்றில் ஓடும் உதடு பின்தங்கும். அதனால் குரலைக் கொஞ்சம் பிடித்து வைத்து உதட்டோடு சேர்த்து விடுவார்கள்.

கியோட்டோவின் கோதாய்ஜி கோயிலில் 2019இல் வைத்த மைண்டார் என்ற ரோபோ இன்னும் சாமர்த்தியம். பௌத்தக் கருணைத் தெய்வம் கன்னோனின் உருவம், உயரம் 195 செ.மீ., எடை 60 கிலோ. முகம், கைகள், தோள் மட்டும்தான் சிலிகான். மற்ற இடமெல்லாம் அலுமினியமும் ஒயரும் அப்படியே தெரியும். பிரக்ஞாபாரமித இதய சூத்திரம் என்ற பௌத்த நூலை விளக்கிப் பிரசங்கம் செய்யும். எல்லாம் முன்பே எழுதி வைத்த பேச்சு. மனுஷி என்று ஏமாற்றப் பார்க்காததால் யாருக்கும் பயம் வருவதில்லை என்பது என் கணிப்பு.

நடக்கிற பொம்மையும் ஒன்று உண்டு, 2009இல் வந்த எச்ஆர்பி-4சி. 158 செ.மீ., 43 கிலோ. கம்ப்ரசரைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாதே, அதனால் முழுக்க மோட்டார். ஃபேஷன் ஷோவில் நடந்தது, அடுத்த வருஷம் ஆட்டக்காரிகளோடு ஆடியது.

இனி உன் இரண்டாவது கேள்வி. வீட்டுக்குள் இந்த முகங்கள் போகவில்லை. கம்ப்ரசரும் கூடவே ஒரு டெக்னீஷியனும் வேண்டும் என்பது வெளிக்காரணம். பேச்சுதான் பெரிய இடறல். முகம் இவ்வளவு கச்சிதமாக இருந்தால் பேச்சும் அப்படியே இருக்கும் என்று எதிராளி நம்பிவிடுகிறார், ஒரு பதில் தாமதித்தாலும் மனம் விட்டுப்போகிறது. எரிக்கா என்ற பேசும் பெண் ரோபோவுக்குச் சேர்ந்து சிரிக்கக் கற்றுக்கொடுத்த கியோட்டோ பல்கலைக்கழகத்தார் அதை மூன்று முடிவுகளாகப் பிரித்தார்கள்: எதிராளி சிரித்தாரா, நாமும் சிரிக்கலாமா, சிரித்தால் சின்னச் சிரிப்பா பெருஞ்சிரிப்பா. மூன்றில் ஒன்று தப்பினாலும் அவமரியாதை.

முதியோருக்குத் துணையாக நிலைத்தது வேறு வகை. பாரோ என்ற சீல் குட்டி ரோபோ, அணைத்தால் கதகதப்பாக இருக்கும் லோவாட் என்ற ரோபோ. இஷிகுரோவே 2010இல் டெலினாய்டு என்று ஒன்று கொண்டுவந்தார். தலைமுடி இல்லை, கால் இல்லை, கை வெறும் குட்டைக் கட்டை, ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத முகம். முதலில் பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஜப்பானிலும் டென்மார்க்கிலும் மறதி நோய் வந்த பெரியவர்களிடம் கொடுத்தபோது மடியில் வைத்துக் கொஞ்சினார்கள். தூரத்தில் இருக்கும் ஓர் ஆள்தான் அதன் வழியாகப் பேசுவார். எனக்கு இதுதான் சரியான பாதை என்று படுகிறது. இங்குள்ள என் சிநேகிதர்களில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

உன் மகளுக்குச் சர்வோ வால்வு கற்றுக்கொடுப்பதாக எழுதியிருந்தாய். 1928இல் மகோத்தோ நிஷிமுரா செய்த ககுதென்சோக்கு என்ற ரோபோவைப் பற்றி அவளிடம் சொல். ரப்பர் குழாயில் காற்றை விட்டே கண்ணையும் முகத்தையும் அசைத்தார், தொழிலால் உயிரியல்காரர். பின்னாளில் செய்த மாதிரி ஒன்று ஒசாகா அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படம் கிடைத்தால் அனுப்புகிறேன். அம்மா உடம்பைப் பற்றி அடுத்த கடிதத்திலாவது எழுது.

அன்புடன்,
ராஜு