நம்ம நாய் மணிக்கு ஒன்பது கிலோ கூடிவிட்டது

பாளையங்கோட்டை

அன்புள்ள கயலுக்கு,

போன வாரம் போனில் மணி எப்படி இருக்கான் என்று கேட்டாய். நல்லா இருக்கான் என்றேன். அது முழு உண்மையில்லை. போனில் சொன்னால் அழுவாய் என்றுதான் எழுதுகிறேன். அவனுக்குக் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கியாயிற்று. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான், பயப்படாதே.

ஒரு மாதமாகவே வாய் நாற்றம். நாய் வாய் நாறத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் சோற்றை ஒரு பக்கமாகவே மெல்ல ஆரம்பித்தான். டாக்டர் உதட்டை விலக்கிக் காட்டினார். முன்பல்லெல்லாம் வெள்ளை. மேல் கடைவாயில் மட்டும் காய்ந்த வெல்லப்பாகு மாதிரி ஒரு ஓடு, ஈறோரம் செக்கச்சிவந்த கோடு. எச்சில் சுரந்து விழும் இடம் அதுதான் என்பதால் பற்காரை அங்கேதான் முதலில் கட்டுமாம். பல்லில் படிகிற பசை இரண்டு மூன்று நாளில் கல்லாகிவிடும். அப்புறம் பிரஷ் போட்டாலும் போகாது, மயக்கம் கொடுத்துத்தான் சுரண்ட வேண்டும்.

மயக்க மருந்துக்காக எடை பார்த்தார்கள். 41 கிலோ. நீ விட்டுப் போனபோது 32.

டாக்டர் என்னைப் பார்த்தார், நான் உன் அம்மாவைப் பார்த்தேன். காலை டீயோடு நான் போடும் பிஸ்கட் நாலு, பதினோரு மணிக்கு அவள் போடும் தோசை, சாயங்காலம் வடை. எல்லாம் ஒருவருக்கொருவர் தெரியாமல்தான்! மணி மாதிரி லாப்ரடார் சாதி நாய்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பிறவியிலேயே ஒரு மரபணுக் குறை உண்டாம், பசி அடங்காது. மணிக்கு அது இருக்கிறதோ என்னவோ, அவன் பார்க்கிற பார்வையைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

விலாவைத் தடவிப் பார்க்கவும் சொல்லிக் கொடுத்தார். விரித்த கையின் புறங்கையைத் தடவினால் எலும்பு தட்டுப்படுமே, விலா அப்படி இருந்தால் சரியான எடை. உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் குண்டு. மணியின் விலாவை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது சாப்பாடு அளந்துதான். கெட்டி எலும்பும் நிறுத்தியாயிற்று. பல் சுத்தமாகும் என்று நான்தான் போட்டேன், ஆனால் அதைக் கடித்தே பல் பிளக்குமாம். தினமும் ராத்திரி பல் தேய்த்துவிடுகிறேன். நம் பேஸ்ட் ஆகாது, அவன் துப்பாமல் முழுங்குவான். சிலதில் கலக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு விஷம், ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அவனுக்கென்று கோழிக்கறி வாசனையில் தனி பேஸ்ட். முதல் வாரம் விரலில் துணி சுற்றித் தேய்த்தேன், இப்போது பிரஷ்ஷைக் கண்டாலே வாலாட்டுகிறான். "கயலுக்கு ஒரு நாளாவது இப்படிப் பல் வெளக்கி விட்டிருக்கியளா?" என்கிறாள் உன் அம்மா.

தீபாவளிக்கு வரும்போது அவனுக்குத் தின்பண்டம் வேண்டாம். அந்தப் பேஸ்ட் இரண்டு வாங்கி வா.

நேற்று எடை 39. இன்று காலை ஒரு தோசை ஓரம் உள்ளே போயிருக்கிறது. யார் போட்டது என்று கேட்காதே.

அன்புடன்,
அப்பா