பீட்டர் பார்க்கரின் திருமணத்தைக் கலைத்த விதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூப்பர் ஹீரோக்களுக்குக் குடும்ப வாழ்க்கை ஒத்துவராது என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரின் திருமணத்தை மார்வெல் காமிக்ஸ் நிறுவனம் கதையிலிருந்து அழித்தது சரியே என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பீட்டருக்கும் அவன் காதலி மேரி ஜேனுக்கும் 1987-இல் திருமணம் நடந்தது. அவசரமாக நடந்த கல்யாணம்தான், மறுக்கவில்லை. செய்தித்தாள் சித்திரத் தொடரில், ஸ்பைடர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டான் லீ இருவருக்கும் மணம் முடித்ததால் காமிக்ஸ் இதழிலும் அதே சமயத்தில் முடித்துவைத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் அவர்களைக் கணவன் மனைவியாகவே வாசகர்கள் படித்து வந்தார்கள். அவன் காயங்களோடு வீடு திரும்பும்போது உண்மை தெரிந்த ஒருத்தி வீட்டில் இருந்தாள். பலருக்கு அவர்கள் அறிந்த ஸ்பைடர்மேனே அந்த மணமான ஸ்பைடர்மேன்தான்.

2007-இல் தொடங்கிய 'ஒன் மோர் டே' கதையில், தன்னை வளர்த்த, இப்போது குண்டடி பட்ட மே அத்தையைக் காப்பாற்ற, மெஃபிஸ்டோ என்னும் சாத்தானிடம் தன் திருமணத்தையே விலையாகக் கொடுக்கிறான் பீட்டர். அப்படியொரு திருமணம் நடந்ததே யாருக்கும் நினைவில்லாமல் போகிறது. மணமானவன் வயது கூடியவனாகத் தெரிகிறான், கதைக்கான வழிகள் குறைகின்றன, விவாகரத்து செய்யவைத்தால் இன்னும் மூத்தவனாகிவிடுவான் என்பது மார்வெலின் அன்றைய தலைமை ஆசிரியர் ஜோ கெசாடாவின் வாதம். புதிதாகப் படிக்க வரும் சிறுவர்களை நினைத்து அவர் கவலைப்பட்டதில் தவறில்லை.

என் கோபமெல்லாம் அந்த வழியின் மீதுதான். தன்னை வளர்த்த பென் மாமாவின் சாவுக்குத் தானே காரணம் என்று காலமெல்லாம் சுமப்பவன் பீட்டர். தன் செயலின் பலனிலிருந்து நழுவ மாட்டான் என்பதற்காகத்தான் அவனை நேசிக்கிறோம். அவனைச் சாத்தானோடு பேரம் பேசவைத்தால் அது பீட்டரே அல்ல. அந்தக் கதையை எழுதிய ஸ்ட்ராசின்ஸ்கிக்கே இந்த முடிவில் உடன்பாடில்லை. கடைசி இதழ்களிலிருந்து தன் பெயரை நீக்கிவிடலாமா என்றுகூட யோசித்ததாக அவரே சொன்னார்.

மணமானால் கதை நின்றுவிடும் என்பதும் நிரூபணமாகவில்லை. 2009-இல் செய்தித்தாள் தொடரிலும் பீட்டரைப் பிரம்மச்சாரியாக்கிப் பார்த்தார்கள். வாசகர்கள் எதிர்த்ததும் சில மாதங்களிலேயே அதைக் கனவாக்கி, திருமணத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2024-இல் ஜோனதன் ஹிக்மன் எழுதத் தொடங்கிய, முதன்மைக் கதையோடு சேராத 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' தொடரில் பீட்டர் இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். அது பலமுறை மறுஅச்சு கண்டது. இன்னொரு காமிக்ஸ் நிறுவனமான டிசியும் 2011-இல் சூப்பர்மேன், லோயிஸ் லேன் திருமணத்தை அழித்துவிட்டு, 2016-இல் மணமான சூப்பர்மேனையே, மகனோடு, மீண்டும் முன்னிறுத்தியது.

மார்வெலின் முதன்மைத் தொடரில் மட்டும் மேரி ஜேனைச் சேர்ப்பதும் பிரிப்பதும் இன்னும் ஓயவில்லை. 2018-இல் சேர்த்துவைத்தார்கள், 2022-இல் மறுபடி பிரித்தார்கள். கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது, இருபது ஆண்டுகள் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்களின் தரப்பையும் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
காமிக்ஸ் வாசகர் ஒருவர்,
மதுரை