எவ்வளவு கொடுப்பீர்கள்? கடற்கரை ஆய்வுப் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களே,

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பாகான் டத்தோவிலிருந்து எழுதுகிறேன். முனைவர் பட்ட ஆய்வுக்கு ஆள் கேட்கும் அறிவிப்பில் உதவித்தொகை எவ்வளவு என்று போடாமல் விடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல். முப்பத்தோரு வருடம் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்), இப்போது ஓய்வு. எங்கள் தென்னைக்கும் செம்பனைக்கும் எல்லை ஒரு மண் அணைக்கரை. அதைத் தாண்டினால் சேறு, அப்புறம் மலாக்கா நீரிணை.

உங்கள் மாணவர்கள் இங்கே வருவார்கள். முழங்கால் சேற்றில் இறங்கிக் குழாயில் மண் எடுத்துப் போவார்கள். வழிகாட்டுபவர் எங்கள் நீர்க்கதவுக் காவலாளி. கடல் ஏறினால் அந்தக் கதவு தானே மூடும், இறங்கினால் திறக்கும். ஆனால் ஒரு தென்னமட்டை இடுக்கில் சிக்கினால் போதும், ராத்திரியோடு ராத்திரியாக உப்புத்தண்ணீர் வாய்க்காலுக்குள் வந்துவிடும். மனிதர் பஞ்சாங்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். அமாவாசையும் பௌர்ணமியும் கழிந்து ஒன்றிரண்டு நாளில்தான் தண்ணீர் உச்சத்துக்கு ஏறும் என்று அவர் சொன்னதை, உங்கள் மாணவர் ஒருவர் கருவியில் சரிபார்த்துவிட்டுச் சிரித்தார்.

அந்தக் காவலாளியின் மகள் சிவில் இன்ஜினியரிங் படித்தவள். போன வருடம் காவலாளி முனைவர் பட்ட ஆய்வுக்கான அறிவிப்பு ஒன்றை அச்செடுத்துக் கொண்டுவந்தார். "கிராணி ஐயா, மாசம் எவ்வளவு குடுப்பாங்கன்னு இதுல எங்க போட்டிருக்கு?" இரண்டு தடவை படித்தேன். 'கவர்ச்சிகரமான உதவித்தொகை' என்று இருந்தது. தொகை இல்லை. எத்தனை மாதம், கல்விக் கட்டணம் யார் தலையில், அதுவும் இல்லை. பிள்ளை மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டாள். பதில் வந்தபோது கடைசித் தேதி போய் மூன்று வாரம். வீட்டுக் கடன் காத்திருக்குமா? சாலைக் குத்தகையாளர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. இது ஒரு இடத்துச் சங்கதி அல்ல.

நெதர்லாந்தில் முனைவர் ஆய்வாளர் பெரும்பாலும் நான்கு வருட ஒப்பந்தத்தில் சம்பளம் வாங்கும் ஊழியர். சம்பளமும் அறிவிப்பிலேயே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் பணம் கொடுக்கும் மேரி கியூரி முனைவர் ஆய்வுத் திட்டங்களில் எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம். போகப்போகும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக்கூடாது என்பது முக்கிய நிபந்தனை. மலேசியாவைத் தாண்டாத பிள்ளைக்கு இதைவிடச் சுலபமான நிபந்தனை உண்டா? இதை எங்களுக்குச் சொன்னவர் யாருமில்லை. இங்கே எஃப்.ஆர்.ஜி.எஸ். என்ற அரசு ஆய்வு மானியம் போன்றவற்றில் மாணவருக்கு மாதப்படி கிடைத்தாலும், மானியம் முடிந்த பிறகும் ஆய்வு இழுக்கிறதே, அந்த மாதங்களுக்கு என்ன வழி என்று எழுதுங்கள்.

ஆய்வு செய்ய இங்கே வேலை இல்லாமலா கேட்கிறோம்? 1980களில் நடந்த தேசியக் கடலரிப்பு ஆய்வு, நாட்டின் 4,809 கிலோமீட்டர் கரையில் ஏறக்குறைய 29 விழுக்காடு அரிக்கப்படுகிறது என்றது. கல் அடுக்கினால் அலை திரும்பி அடித்து முன்னால் இருக்கும் சேற்றை வாரிக்கொண்டு போகிறது. அலையாத்திக் கன்று நட்டால் வேர் பிடிக்குமுன் கடல் பிடுங்கிவிடுகிறது. ஜாவாவின் டெமாக் கரையில் மூங்கிலும் சுள்ளியும் வைத்து வேலி கட்டி, அலையைத் தணித்து வண்டலைத் தங்கவைத்துப் பார்த்தார்கள். அது எங்கள் சேற்றில் நிற்குமா? இதற்குப் பதில் தேட, கதவுக் காவலாளியின் மகளைவிட யார் பொருத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. (கொஞ்சம் ஓரவஞ்சனைதான், ஒப்புக்கொள்கிறேன்.)

அடுத்த அறிவிப்பில் மாதம் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று முதல் வரியிலேயே போடுங்கள். காலத்தையும் கட்டணத்தையும் அதற்குக் கீழே. கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே எங்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். தோட்டத்து மாரியம்மன் கோயில் பலகையில் நானே ஒட்டுகிறேன். காவலாளியின் மகளுக்கு இப்போது இருபத்தாறு வயது. இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பாகான் டத்தோ, பேராக்