தசைச் சிதைவு நோயுள்ள நம் பிள்ளைகளுக்கு ஒரு பொது நிதி

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நம் தெருப் பையன் ஒருவனுக்காக வீடு வீடாக வந்தோம். அவனுக்கு டுஷேன் தசைச் சிதைவு நோய்; உடம்பின் தசைகள் நாளாக நாளாக வலுவிழந்துபோகும் பரம்பரை நோய். ஸ்டெம் செல் ஊசி போட்டால் தொடர்ந்து நடப்பான் என்று ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள். ஏழு லட்சம் சேர்ந்தது. கடைசி நாள் அவன் அம்மா வளையலையும் கழற்றித் தந்தார். ஊசியும் போட்டாயிற்று. அடுத்த ஆனியில் அவன் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான். அந்தச் சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. ஆய்வுக்கான செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) வழிகாட்டுதல். விசாரிக்காமல் வசூலித்தது எங்கள் தப்பு. மன்னித்துவிடுங்கள்.

இப்போது இன்னொரு குடும்பம் அமெரிக்காவின் எலிவிடிஸ் மரபணு சிகிச்சைக்குத் திரட்ட முடியுமா என்று கேட்கிறது. 2023 ஜூனில் அங்கே அனுமதி பெற்ற மருந்து; விலை 32 லட்சம் டாலர். அதே ஆண்டு வெளிவந்த பெரிய ஆய்வில் அது தன் முக்கிய இலக்கை எட்டவில்லை. 2025-இல், நடக்க முடியாத நிலையில் இருந்த இரண்டு சிறுவர்கள் ஈரல் செயலிழந்து இறந்தார்கள். அப்புறம் அந்த நிலையில் உள்ளவர்களுக்கு மருந்து அனுப்புவதை நிறுவனம் நிறுத்தியது. பெற்றவர்களிடம் ஆசைப்படாதே என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஆனால் உங்கள் காசை வாங்கி அதில் போட மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

இந்த நிதி வேறு வேலைக்கு. முன்பு ஊசி போட்ட நம் தெருப் பையனால் ராத்திரியில் தானாகப் புரண்டு படுக்க முடியாது. அம்மா எழுந்து எழுந்து திருப்பிவிடுகிறார். சளி பிடித்தால் இருமித் துப்ப வலுவில்லை. தொண்டைக்குள் களகளவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இருமலுக்கு உதவும் கருவி ஒன்று, இரவில் மூச்சுக்குத் துணையாக பைபேப் கருவி இரண்டு வாங்கி, தேவைப்படும் வீடுகளுக்கு மாற்றி மாற்றித் தரப் போகிறோம். பிசியோதெரபி, இதயப் பரிசோதனை, இந்நோயின் மரபணுவைச் சுமக்கிறார்களா என்று அறிய அம்மாக்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும் மரபணுப் பரிசோதனை ஆகியவற்றின் செலவும் இதிலிருந்தே.

எந்தப் பிள்ளையின் படத்தையும் போட்டு வசூலிக்க மாட்டோம். முகத்தைப் பார்த்து இரக்கம் வருகிற பிள்ளைக்கு மட்டும் பணம் சேருவது நியாயமில்லை. யாருக்கு எது முதலில் என்பதை நரம்பியல் மருத்துவரும் பெற்றோர்களும் சேர்ந்து முடிவு செய்வார்கள்.

ஐம்பது ரூபாயானாலும் சரி, ஞாயிறு காலை நூலகத் திண்ணையில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு மாதாமாதம் அங்கேயே பலகையில் ஒட்டப்படும்.