படி இறங்கிக் கூட்டிப்போன அக்காவுக்கு

அன்புள்ள கோத்தகிரிச் சொந்தங்களுக்கு வணக்கம்.

மேட்டுப்பாளையம் சாலையில் அன்றைக்கு மண் சரிந்து வண்டிகளெல்லாம் நின்றுபோனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பலர் எங்களோடு மழையில் நின்றவர்கள். அதனால் அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. என்னைப் பார்க்க வந்திருந்த என் தோழிகளும், தோழி ஒருத்தியின் அம்மாவும் பத்திரமாக மலேசியாவில் நான் பிறந்த பினாங்கு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நேற்று ராத்திரி போன் வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

கல்யாணமாகி இந்த மலைக்கு வந்ததிலிருந்து, பிறந்த ஊர்க்காரர்கள் யாராவது வந்து இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. கன்னேரிமுக்கில் 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய பங்களா, கோடநாடு காட்சிமுனையில் பனி விலகினால் கீழே தெரியும் மாயாறு என்று எல்லாம் காட்டினேன். மலை ரயில் மட்டும் கிடைக்கவில்லை. மழையில் கல்லாறு - குன்னூர் பாதை மூடியிருந்தது. கொடிமலை ரயிலில் ஏறி வளர்ந்த பினாங்குக்காரிகளுக்கு நம் பல்சக்கர ரயிலைக் காட்ட முடியாதது இன்னும் மனக்குறைதான்.

சரி, சொல்ல வந்தது வேறு.

மண்ணை அள்ளி முடிக்கும் வரை வண்டிகள் வரிசையாக நின்றன. டீ, வர்க்கி, பிஸ்கட் என்று யாராவது கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். தோழியின் அம்மா எதையும் தொடவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார். வயதானவர், சர்க்கரை வேறு. எனக்குக் கை கால் ஓடவில்லை.

அப்போதுதான் சாலைக்குக் கீழே இருந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயன் வீட்டிலிருந்து ஒரு அக்கா ஏறி வந்தார். தலைக்கு மேல் மழைக்குப் பிடித்த படங்கு. கார் கண்ணாடி வழியாக அம்மா முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கதவைத் திறந்து குனிந்து, அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “பாத்ரூம் போகணுமாம்மா? வாங்க, நம்ம வீடு இங்கதான்” என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மண்படி வழுக்கியது. அக்கா முன்னால் பின்பக்கமாகவே இறங்கினார், அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு. உள்ளே தேயிலைச் செடியில் கவ்வாத்து வெட்டிய மிளார்க் குச்சி அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. வெந்நீர் விளாவிக் கொடுத்தார். வெளியே வந்த அம்மாவை அடுப்புப் பக்கம் உட்காரவைத்து, காலைத் துடைத்து, தன் பெண்ணின் சாக்ஸை மாட்டிவிட்டார். அப்புறம்தான் அம்மா டீ குடித்தார். அதுவரை அவர் ஏன் தண்ணீர்கூட வேண்டாம் என்றார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அக்கா அதோடு விடவில்லை. “மேல கார்ல பொம்பளைங்க இருப்பாங்க, போய்க் கூட்டிட்டு வா” என்று பெண்ணை அனுப்பினார். கைக்குழந்தைக்காரி, கல்லூரிப் பெண்கள், கன்னடம் மட்டுமே தெரிந்த ஒரு பாட்டி எல்லோரும் அந்தச் சின்ன வாசலில் வரிசையில் நின்றார்கள். பொதுக் குழாயிலிருந்து சுமந்து வந்து வைத்திருந்த தண்ணீர் அது. டிரம் காலியானதும் குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி மழையில் இறங்கினார். 1964 இந்திய - இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்து, முதலில் மண்டபம் முகாமில் தங்கிய குடும்பமாம். “மண்டபம் கேம்ப்ல இதுக்கு எங்கம்மா பட்ட பாட்டைச் சொல்லிச் சொல்லி அழும்” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

மண் அள்ளிய நெடுஞ்சாலைத் துறை ஊழியர்கள், தீயணைப்பு வீரர்கள், நனைந்துகொண்டே வண்டிகளை ஒழுங்குபடுத்திய காவலர்கள், கோவை விமான நிலையம் வரை கண் அயராமல் ஓட்டிய டிரைவர் அண்ணன் எல்லோருக்கும் என் நன்றி. வெளிநாட்டுக்காரர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தைப் பதிய வேண்டும்; கரன்ட் வரும்வரை காத்திருந்து அதைப் பதிந்து கொடுத்த பிரவுசிங் சென்டர் தம்பிக்கும்தான்.

2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும். வருகிற வண்டிகளுக்குக் கணக்கு இருக்கிறது. அதில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் தண்ணீர் குடிக்கவே பயந்துகொண்டு மலை ஏறுவது எந்தக் கணக்கில் வரும்?

எங்கள் வீடு சாலையை ஒட்டித்தான் இருக்கிறது. வீட்டுக்கு வெளியே இருக்கும் கழிவறையைச் சரிசெய்து விளக்குப் போடச் சொல்லியாகிவிட்டது. வாளி, மக், சோப்பு எப்போதும் இருக்கும். கேட்டில் பலகை மாட்டுகிறேன். இந்தப் பக்கம் போகும் பெண்கள் யாராக இருந்தாலும், எந்த நேரமானாலும், தயங்காமல் பெல் அடியுங்கள்.