ஊன்றுகோலுக்கு இடமில்லையா? சுற்றுலாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சுற்றுலாக் குழுவினருக்கு,

வணக்கம். நம் மன்றத்தின் அடுத்த முதியோர் சுற்றுலா பற்றிய உங்கள் வாட்ஸ்அப் அறிவிப்பைப் படித்தேன். 75 வயதைக் கடந்தவர்களும் ஊன்றுகோல் வைத்திருப்பவர்களும் மருத்துவர் கடிதமும் கூடவே ஒரு துணையும் கொண்டுவந்தால்தான் பேருந்தில் இடமாம். காரணம் ஊரறிந்தது. போன பயணத்தில், இங்கிலாந்தின் லிடிங்டன் கிராமத்துப் பழைய மாளிகையில், ஊன்றுகோலோடு வந்த நம் அம்மா ஒருவர் மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. அந்த விதியைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள்.

போன இடத்தையாவது யோசித்திருக்கலாம். லிங்கன் மறைமாவட்டத்து ஆயர்களின் மாளிகையாக இருந்த கட்டடம் அது. 1600 வாக்கில் தாமஸ் செசில் என்ற பிரபுவின் கைக்கு வந்து, ஏழைகளுக்கான தரும விடுதியானது. பன்னிரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். ஆண்களுக்கு 30 வயதும் பெண்களுக்கு 45 வயதும் தாண்டியிருக்க வேண்டும்; பைத்தியமோ தொழுநோயோ மேகநோயோ இருக்கக் கூடாது. இந்த நிபந்தனைகளைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம், குழுவினரும் சேர்ந்துதான். செசில்கூட இதற்கு மேல் வயதானவர் வராதே என்று வாசலில் எழுதி வைக்கவில்லை. 1930கள் வரை அங்கே ஏழைகள் இருந்திருக்கிறார்கள்.

அந்த அம்மாவைக் கீழேயே உட்காரச் சொன்னோம். சின்ன ஜன்னலும் கணப்படுப்புமாக இருந்த, ஏழைகள் தங்கிய அந்தக் குட்டி அறைகளைப் பார்த்து முடித்தவர், "ஆயர் இருந்த இடத்தையும் பாப்பம்" என்று கைப்பிடியைப் பிடித்து ஏறிவிட்டார். பெரிய கூடத்தில் கூரையோரம் ஓடும் மரச்செதுக்கலை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார். நம்மில் பாதிப் பேர் அதற்குள் வெளியே போய் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தோம்.

அவர் தனியாக இருப்பவர். மகன் கனடாவில். துணைக்கு யாரைக் கூட்டி வருவார்? ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) நேரம் வாங்குவதே பெரும்பாடு. இப்படிப்பட்ட கடிதத்துக்குத் தனிக் கட்டணம் வேறு கேட்பார்கள். நேற்று எனக்குப் போன் செய்தார்: "நான் வரேல்லை பிள்ளை. என்னால ஒருத்தருக்கும் கரைச்சல் வேண்டாம்." முதியோர் சுற்றுலா என்று பெயர் வைத்துவிட்டு முதியவரைக் கழிப்பது எந்த ஊர் நியாயம்?

சந்தா வாங்கும்போது யாரும் மருத்துவர் கடிதம் கேட்டதில்லை. பொங்கல் விழா மேடையில் "மூத்தோரைப் போற்றுவோம்" என்று பேனர். கீழே முன்வரிசை சோபா விளம்பரம் தந்தவர்களுக்கு, மூத்தோருக்குக் கடைசி வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலி. போற்றியது போதும், உட்கார இடம் கொடுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு முழுவதையும் செலவழித்து, சம்பளமில்லாமல் இத்தனை பேரைக் கூட்டிப்போவது லேசான வேலையல்ல. அதனால்தான் பணிவாகவே கேட்கிறேன்: அந்த விதியை எடுத்துவிடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் அரை மணி கூடுதலாக ஒதுக்குங்கள். படி ஏறி இறங்கக் கைகொடுக்க இரண்டு இளைஞர்களைப் போடுங்கள். என் மகனை நானே அனுப்புகிறேன்.

பெயர்ப் பட்டியலை மூடுவதற்கு முன் முடிவை வாட்ஸ்அப் குழுவிலேயே அறிவியுங்கள். அந்த அம்மாவுக்கு மட்டும் வாட்ஸ்அப் போதாது, யாராவது போன் செய்து கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
மன்ற உறுப்பினர் ஒருவர்