தம்பிக்கு, பெரம்பூர்லேந்து அம்மா

கண்ணா, அம்மா எழுதுறேன். ஃபோன் பண்ணா நீ மீட்டிங்ல இருப்ப, இல்லன்னா சுதா எடுத்து பாப்பாகிட்ட குடுத்துடுவா, அது ஃபோன வாயில வச்சுக்கும். அதான் தட்டி தட்டி எழுதுறேன், ரெண்டு நாளா எழுதுறேன், எழுத்து தப்பா இருந்தா நீயே சரி பண்ணி படிச்சுக்கோ. பெரம்பூரும் நாவலூரும் ஒரே ஊருன்னு தான் பேரு, துபாய்ல இருக்குற உங்க அக்கா பேசுற அளவு கூட நீ பேசறதில்ல. சரி விடு, அதுக்காக எழுதல.

அன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்தப்ப, சாப்பிடறப்ப நான் சொன்னது தப்பு தான். அப்படியே உங்கப்பா மாதிரி ஆயிட்டன்னு சுதா எதிர்க்க சொல்லியிருக்கக் கூடாது. பாதி சோத்துல நீ தட்டுலயே கை கழுவிட்டு எழுந்து போன. இன்னியோட இருபது நாளு. நான் உன் தொப்பைய சொன்னேன்னு நினைச்சுக்கிட்ட. தொப்பைய சொல்லல டா, தொண்டைய சொன்னேன்.

காலைல ஆறு மணிக்கு வாஷ்பேசின் கிட்ட நின்னு செருமினியே, பழைய புல்லட்ட கிக்கர் அடிக்கிற மாதிரி, நான் அடுப்புல பால வச்சுட்டு எண்ணினேன், பால் பொங்கறதுக்குள்ள 17 தரம். அப்புறம் பாப்பாவ கூப்பிடுற, குரலே வரல, வேற யாரோ கூப்பிடுற மாதிரி இருந்துச்சு, அது கூட திரும்பிப் பாத்துட்டு மறுபடி விளையாடப் போயிடுச்சு. பத்து மணிக்கு மேல தான் உன் குரல் உனக்கு வருது. கேட்டா ஏசி தூசிங்கற, ஓஎம்ஆர்ல மெட்ரோ வேலை நடக்குது அந்த தூசிங்கற. உங்கப்பாவும் பெயிண்ட் ஷாப் நெடின்னு தான் எட்டு வருஷம் சொன்னாரு.

அந்த எட்டு வருஷம் நான் பண்ணாத வைத்தியமா. அதிமதுரம், சித்தரத்தை, உப்புத் தண்ணி, படுக்கப் போறப்ப பெரிய டம்ளர்ல பனங்கல்கண்டு போட்டு மிளகு பால். அந்தப் பால் தான் ராத்திரியெல்லாம் மேல ஏறிக்கிட்டு இருந்திருக்குன்னு பின்னாடி தெரிஞ்சுது, வயித்த ரொப்பிட்டு உடனே படுக்க வச்சது நான். ஒரு டாக்டர் ஆன்டிபயாடிக் குடுத்தாரு, இன்னொருத்தர் அலர்ஜின்னு மாத்திர குடுத்தாரு. நெஞ்செரிச்சல்னு அவர் ஒரு நாள் சொன்னதில்ல, அதனால வயித்தப் பத்தி யாருக்கும் தோணல. அப்புறம் தான் அந்த லேடி டாக்டர் மூக்கு வழியா சின்ன கேமரா விட்டு பாத்துட்டு, குரல் பொட்டிக்குப் பின்பக்கம் செவந்து வீங்கிக் கிடக்குன்னாங்க. அடுத்த கேள்வியே ராத்திரி குறட்டை விடுவீங்களான்னு. தொண்டைக்கு வந்தவங்ககிட்ட இந்த அம்மா குறட்டைய ஏன் கேக்குதுன்னு எனக்கு ஒரே எரிச்சல்.

அவங்க சொன்னத உங்கப்பா தான் எனக்குப் புரிய வச்சாரு, அவர் பாணில. நம்ம பழைய தெருவுல லைன்ல மோட்டார் போட்டு இழுப்போமே, தெரியும்ல உனக்கு, விடியக்காலைல நீயும் பக்கெட்டோட நிப்ப. லைன்ல தண்ணி வந்தா சரி, நல்ல தண்ணி ஏறும். தண்ணி நின்னுட்டா மோட்டாருக்குத் தெரியுமா, அது பாட்டுக்கு இழுக்கும், எங்க ஓட்டை இருக்கோ அங்கேந்து சாக்கடைய உள்ள இழுத்துடும். அதே தான்னாரு. தூக்கத்துல தொண்டை சதை தளந்து மூச்சுக் குழாய அடைச்சுக்குது, நெஞ்சு நிறுத்தாம உள்ள இழுத்துக்கிட்டே இருக்கு, காத்து வரலன்னா கீழேந்து வயித்து ஆசிட மேல இழுக்குது. வயித்துக்கு மேல ஒரு வால்வு இருக்காம், அது லூசானவங்களுக்கு சுலபமா ஏறிடும். ஏறி தொண்டை வரைக்கும் வந்துடும். சாப்பாட்டுக் குழாய் கொஞ்சம் தாங்குமாம், தொண்டை தாங்காதாம், துளி பட்டாலே போதும். தூங்கறப்ப எச்சிலும் அதிகம் ஊறாது, நாம முழுங்கவும் மாட்டோம், வந்தது அங்கயே நின்னுடும். காலைல செருமல், கரகரப்பு, தொண்டைல ஏதோ மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். நெஞ்சு எரியவே எரியாது நிறைய பேருக்கு. நீ எனக்கு அசிடிட்டியே கிடையாதும்மான்னு சொன்னியே, அதுக்குத் தான் இவ்வளவும் எழுதுறேன்.

எல்லாருக்கும் இப்படி தான்னு அந்த அம்மா சொல்லல. எதனால எதுன்னு டாக்டருங்களுக்குள்ளயே ஒரே பேச்சு இல்லையாம், ஏன்னா மூச்சு அடைக்கறதும் ஆசிட் ஏறறதும் ரெண்டுமே வெயிட் போட்ட உடம்புக்கு சேந்து வரும். பாத்தியா மறுபடி வெயிட்டுக்கு வந்துட்டேன். கோச்சுக்காத. தீபாவளிக்கு உனக்கு 42 சைஸ் சட்டை எடுத்தேனே, மேல் பட்டன் போடாமயே போட்டோ அனுப்பின. ஆம்பளைக்கு கழுத்து 17 இன்ச்சுக்கு மேல இருந்தா தூக்கத்துல மூச்சு அடைக்கலாம்னு டாக்டருங்க அதையும் டேப் வச்சு அளந்து எழுதிக்குறாங்க, அதான் சொன்னேன்.

உங்கப்பா நல்லா இருக்காரு. சுகர் கொஞ்சம் கூட. மாடி குழாய் ஒழுகுது, ஆள் வரேன்னு சொல்லிட்டு வரல. நீ ஆபீஸ் மேடையில பேசின வீடியோவ அவரோட ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரி குரூப்ல போட்டுட்டாரு, நாப்பது பேரு கை தட்டினாங்க, நானும் நாலு தடவ பாத்தேன். எவ்வளவு தைரியமா பேசற, நான் பெத்த பிள்ளையான்னு இருந்துச்சு. இருபது நிமிஷத்துல ஒம்போது தரம் தண்ணி குடிச்ச. கடைசில குரல் உடைஞ்சுது, நீ சிரிச்சு சமாளிச்ச, அவங்க கண்டுக்கல. நான் பாத்தேன்.

எட்டு மணிக்குள்ள சாப்பிடுறா. படுக்கறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி வயித்துக்கு எதுவும் போகக் கூடாது. பதினோரு மணிக்கு ஆர்டர் பண்ணி வர்ற பிரியாணி, அதுக்கு மேல ஒரு கோக். வெள்ளிக்கிழம ராத்திரி நீ எங்க போயிட்டு வந்தன்னு நான் கேக்கல, வாசன எனக்குத் தெரியும், அது தொண்டை சதையயும் தளத்தும் அந்த வால்வையும் தளத்தும், அவ்வளவு தான் சொல்லுவேன். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு. தலகாணிய ரெண்டு மூணு அடுக்காத, கழுத்து மடங்கி வயிறு தான் அமுங்கும், கட்டிலோட தல பக்கக் கால தூக்கணும், நாங்க ஆளுக்கு ரெண்டு செங்கல் வச்சிருக்கோம், 6 இன்ச். எட்டு மணிக்குள்ள சாப்பிடு. ராத்திரி நேரம் கழிச்சு வந்தாலும் சூடா தோச ஊத்திக் குடுத்து வளத்தது நான் தான், அதயும் ஒத்துக்குறேன்.

இப்போ ஒண்ணு சொல்லணும். இத சொல்லாம மேல எழுத வரல.

அந்த லேடி டாக்டர் அன்னிக்கு உங்கப்பாவ விட்டுட்டு என்ன பாத்துக் கேட்டாங்க, தூங்கறப்ப இவருக்கு மூச்சு நின்னு நின்னு வருதா, நீங்க பாத்திருக்கீங்களான்னு. நான் இல்லன்னுட்டேன். நல்லா தூங்குவாரு டாக்டர்னு சொன்னேன். எனக்கு எப்படி தெரியும், நான் அந்த ரூம்ல படுத்து அப்பவே ஒம்போது வருஷம் ஆயிருந்துச்சு. நீ ப்ளஸ் டூ படிக்கறப்ப உனக்குத் துணைக்கு ஹால்ல படுக்குறேன்னு சொன்னேனே, அது துணைக்கு இல்ல. அந்தக் குறட்டை தாங்க முடியல. நீ காலேஜ் போயிட்ட, வேலைக்குப் போயிட்ட, நான் உள்ள போகவேயில்ல. உங்கப்பாவும் ஒரு நாள் ஏன்னு கேக்கல. டாக்டர் முன்னாடி அத சொல்றதுக்கு எனக்கு அசிங்கமா இருந்துச்சு, புருஷன் பொண்டாட்டி தனித்தனியா படுக்கறோம்னு எப்படி சொல்றது. அவங்களும் வயித்துக்கு மட்டும் மாத்திர எழுதி, டயர்டா இருந்தா தூக்க டெஸ்ட்டுக்கு வாங்கன்னு அனுப்பிட்டாங்க.

ஹால்ல படுத்திருக்கறப்ப திடீர்னு குறட்டை நிக்கும். அப்பாடான்னு இருக்கும் எனக்கு. அந்த நேரம் தான் மூச்சு நின்ன நேரம்னு அப்போ தெரியாது தம்பி. அந்த அமைதில தான் நான் கண்ண மூடினேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு ஓட்டேரில அந்த வண்டி ஆக்சிடென்ட். நீ பூனாவுலேந்து ஃப்ளைட் புடிச்சு ஓடி வந்த, நாய் குறுக்க வந்துச்சுன்னு உனக்கும் சொன்னோம் அக்காவுக்கும் சொன்னோம். நாய் எதுவும் வரல. பகல் பதினோரு மணிக்கு வண்டி ஓட்டிக்கிட்டே தூங்கிட்டாரு. அந்தத் தோள்பட்டை இன்னும் தூக்க வராம இருக்கே, அது என் பொய்யால.

அப்புறம் தான் டெஸ்ட் எடுத்தோம், வீட்டுலயே விரல்ல மூக்குல நெஞ்சுலன்னு ஒயர மாட்டிக்கிட்டு ஒரு ராத்திரி. மணிக்கு 38 தடவ மூச்சு அடைக்குதுன்னு வந்துச்சு. 10 செகண்டாவது மூச்சு அடைச்சா தான் அத ஒண்ணுன்னு கணக்கு வைப்பாங்க. 5க்குள்ள இருந்தா பரவால்ல, 30க்கு மேல போனா ரொம்ப அதிகம். அப்புறம் தூங்கறப்ப மாஸ்க் வழியா காத்த உள்ள தள்ளி தொண்டைய அடைக்காம வச்சுக்குற மிஷின் குடுத்தாங்க. அது வந்த மொத வாரம் உங்கப்பா பட்ட பாடு, காத்து வயித்துக்குப் போயி விடிய விடிய ஏப்பம், அப்புறம் பிரஷர கொறச்சுக் குடுத்தாங்க. இப்போ அவரே மாஸ்க்க கழுவி கொடில காயப் போடுறாரு. 1980ல சிட்னில கோலின் சல்லிவன்னு ஒரு டாக்டர் வாக்யூம் கிளீனர் மோட்டார வச்சு தான் இத ஆரம்பிச்சாருன்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காரு, ஃபிட்டர் புத்தி. மூணு மாசத்துல காலைச் செருமல் பாதிக்கு மேல கொறஞ்சுது. அடை சாப்பிட்ட அன்னிக்கு இன்னும் வருது. வயித்து மாத்திரைய டிபன் சாப்பிட்டு போட்டுக்கிட்டு இருந்தவரு இப்போ அரை மணி முன்னாடி போடுறாரு, அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். நானும் உள்ளயே தான் படுக்குறேன்.

சுதாவ பத்தி நான் எதுவும் கேக்கல. பாப்பாவுக்கு ஏசி ஒத்துக்காதுன்னா ஒத்துக்காது தான், கொழந்தைக்கு அப்படி இருக்கும். அவ நல்ல பொண்ணு, கண்ணுக்குக் கீழ தான் கருத்துப் போயிருக்கா. நீ அவள ஒண்ணும் சொல்லிடாத, அவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. டாக்டர் கேட்டா மட்டும் யாரு எந்த ரூம்ல படுக்குறீங்கன்னு உள்ளத சொல்லு, அவ்வளவு தான். டெஸ்ட் எடுக்கற வரைக்கும் கார் எடுக்காத, ஆபீஸ் கேப்ல போ. சிக்னல்ல கண்ணு சொக்குதுன்னு நீயே சிரிச்சுக்கிட்டு சொன்ன, எனக்குச் சிரிப்பு வரல.

உங்க வீட்டுக்கு வந்த ரெண்டாவது நாள் ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தேன், ரெண்டு மணி இருக்கும். உன் ரூம் கதவு ஒருக்களிச்சிருந்துச்சு. குறட்டை நின்னுச்சு. இந்தத் தடவ நான் எண்ணினேன், இருபத்திரெண்டு வரைக்கும் எண்ணினேன், அப்புறம் தண்ணிக்குள்ளேந்து எழுந்த மாதிரி ஒரு சத்தம் போட்டு மூச்ச இழுத்த. அங்கயே தரையில ஒக்காந்து ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணேன், நாப்பது நிமிஷம் இருக்கு. உன்கிட்ட கேக்காம பண்ணது தப்பு தான். உங்கப்பாவுக்குக் கூட போட்டுக் காட்டல. டாக்டர்கிட்ட போறப்ப கேளு, அனுப்புறேன்.

சுதாகிட்ட சொல்லு, அவ கேட்ட இரும்பு தோசக்கல்ல எண்ண தடவி பழக்கி வச்சிருக்கேன். யாராவது அந்தப் பக்கம் வந்தா குடுத்து விடுறேன், இல்ல நீங்க வந்து எடுத்துக்குங்க. எட்டு மணிக்குள்ள சாப்பிடு.

அம்மா